குந்தச் செடியும் செவலை ஆட்டின் ஒரு வாயும்

அந்தக் காலத்தில் ஆடு ஒரு செடியில் வாய் வைத்தால், அதைக் குச்சியாக்காமல் அடுத்த செடியைத் திரும்பிப் பார்க்காது. இன்றைக்கு மேய்கிற ஆட்டைப் பார்த்துவிட்டு இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பித்தான் ஆகவேண்டும். இலை, கொழுந்து, இளங்குச்சி என்று ஒன்று விடாமல் வழித்துத் தின்னும். பிறகு மொட்டையாக நிற்கிற செடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மிச்சம் ஏதும் இல்லை என்று உறுதியான பிறகே நகரும். அப்போது ஆடும் பேசும், செடியும் பேசும், மனிதர்கள் பதில் சொல்வார்கள். இப்போது நாம் மட்டும்தான் பேசுகிறோம். அதனால்தான் ஊரில் இத்தனை சத்தம்.

ஆட்டின் இந்தச் சுத்தமான வேலைக்காகவே பூந்தோட்டக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். மல்லிகைக்கு ஒரு குணம் உண்டு. வருஷா வருஷம் பனி இறங்கத் தொடங்கும்போது அதன் பழைய இலையையும் குச்சியையும் கழித்துவிட வேண்டும். அப்போதுதான் வெயில் வந்ததும் புதுத் தளிர் விட்டு, தளிர் நுனியெல்லாம் மொட்டு வைக்கும். இதைக் கவாத்து என்பார்கள். இன்று கத்தரியும் கத்தியும் வைத்துச் செய்கிற இந்த வேலையை அன்று ஆடுதான் செய்தது. கார்த்திகையில் தோட்டத்துக்குள் ஒரு நல்ல ஆட்டை விட்டால் போதும், வரிசை வரிசையாகக் கழித்துக் கொடுத்துவிடும். அதற்குப் பதிலாக வருஷம் முழுக்க வேலிக்கு உள்ளே இருக்கிற புல்லும் நிழலும் ஆட்டுக்கு.

வைகைக்கு வடகரையில், செம்மண் காட்டில், ஒச்சம்மாள் என்று ஒருத்தி மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தாள். கைராசிக்காரி. அவள் நட்டால் பட்ட குச்சியும் துளிர்க்கும் என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்தது. வாயும் கொஞ்சம் நீளம். அவளுடைய தோட்டத்துக்குக் கவாத்து ஆடு செவலை. செக்கச் சிவந்த உடம்பும் நெற்றியில் வெள்ளைச் சுட்டியுமாக இருப்பாள். தன் வேலையில் ஒரு இலை மிச்சம் இருந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு ரோஷம்.

அந்தத் தோட்டத்தின் கடைசி வரிசையில், கடைசிச் செடியாக, ஒரு பூக்காத செடி இருந்தது.

மற்றச் செடிகளோடு ஒரே நாற்றுக்கட்டோடு வந்ததுதான். சின்ன வயதில் இலையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒச்சம்மாளும் மல்லிகை என்று நட்டாள், மல்லிகை என்று தண்ணீர் விட்டாள், மல்லிகை என்றே கார்த்திகையில் செவலையை விட்டு மொட்டையடித்தாள். சித்திரை வந்தது. தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்தது. கடைசிச் செடி மட்டும் பச்சைப் பசேலென்று சும்மா நின்றது. அடுத்த வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷமும் அப்படியே.

ஒச்சம்மாளுக்கு மானம் போயிற்று. பூப்பறிக்க வருகிறவர்கள் எல்லாம் அந்தச் செடியின் முன்னால் வந்ததும் ஒரு நிமிஷம் நின்று, எதுவும் சொல்லாமல், அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள்.

"மலட்டுச் செடி!" என்று ஒருநாள் அதன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "என் தண்ணியக் குடிச்சுப்புட்டு எனக்கே பெப்பே காட்டுறியா? இந்தக் கார்த்திகையில ஒனக்குக் கடைசிக் கவாத்து. அதுக்கும் அடங்கலைன்னா வேரோட பிடுங்கி அடுப்புல வச்சிருவேன், பாத்துக்க."

செடி ஒன்றும் பயந்துவிடவில்லை. ஆனால் அந்த 'மலட்டுச் செடி' என்ற சொல் அதற்கு வலித்தது. வலிக்காதா? அதற்குத் தெரியும், தான் மல்லிகை இல்லை, குந்தம் என்று. குந்தத்துக்கு வெயில் பருவம் இல்லை, பனிதான் பருவம். மல்லிகை பனியில் தூங்கும், குந்தம் பனியில்தான் கண் திறக்கும். முதல் பனி விழுந்ததும் அதன் நுனிகளில் ஊசிமுனை போல மொட்டுகள் வரும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் செவலை வந்து அத்தனையையும் வழித்துத் தின்றுவிட்டுப் போவாள். போன வருஷம் அது கத்திப் பார்த்தது. வாய் நிறைய இலையை வைத்துக்கொண்டு நறநறவென்று மெல்லுகிறவளுக்கு யார் கத்துவது கேட்கும்? பக்கத்து மல்லிகைகள், "எல்லாருக்கும்தான் வெட்டுறாக. நீ மட்டும் என்ன ராசாத்தியா? பொறுத்துக்க" என்று புத்தி சொல்லின.

"இந்தத் தடவை பொறுக்கப் போறதில்ல" என்றது குந்தம். "வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி பேசணும். அதுதான் வழி."

கார்த்திகை வந்தது. செவலை முதல் வரிசையில் தொடங்கினாள். மொட்டை, மொட்டை, மொட்டை என்று ஒரு பக்கமாக அடித்துக்கொண்டே வந்து கடைசி வரிசையின் கடைசிச் செடிக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"செவல மதினி, வயிறு முட்டிருச்சோ?" என்றது குந்தம்.

"வேலைன்னா வேலைதான், புள்ள" என்றாள் செவலை. "நீ ஒருத்திதான் மிச்சம். ஒன்னையும் முடிச்சிட்டுப் போயிப் படுத்து அசைபோடணும்."

"முடிச்சிக்கங்க. யாரு வேணாம்னா? ஒரே ஒரு வார்த்தை. நீங்க யாரத் திங்கப் போறீகன்னு தெரியுமா?"

"மல்லிய."

"நான் மல்லி இல்ல. குந்தம்."

செவலை சிரித்துவிட்டாள். "கவாத்துக்குப் பயந்து ஆளுக்கொரு பேரு சொன்னா, நான் யாரத்தான் திங்கிறது?"

"என் பேச்ச நம்ப வேணாம் மதினி. ஒங்க வாய நம்புங்க. ஒரு வாய், ஒரே ஒரு வாய் கடிச்சுக்கங்க. நுனியோட சேத்துக் கடிங்க. கடிச்சிட்டு எப்படியும் படுக்கத்தான் போறீக. போயி அசைபோட்டுப் பாருங்க. மல்லிதான்னு தோணுச்சுன்னா திரும்பி வந்து வேர் வரைக்கும் தின்னுட்டுப் போங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

ஆட்டின் வாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. மேயும்போது அது ருசி பார்ப்பதில்லை, அவசர அவசரமாக உள்ளே தள்ளும். பிறகு நிழலில் படுத்து, தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும்போதுதான் எது என்ன ருசி என்று தெரியும். குந்தத்துக்கு இது தெரிந்திருந்தது. மூன்று வருஷம் ஒருத்தி தன்னையே தின்றுவிட்டுப் போனால், அவளைப் பற்றிக் கொஞ்சமாவது தெரியாமல் போகுமா?

செவலைக்கும் கால் வலி. ஒரு வாய் கடித்தாள். அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று மனசு உறுத்த, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே புங்கமர நிழலில் போய்ப் படுத்தாள்.

கடைசியாகத் தின்றதுதான் முதலில் மேலே வந்தது.

மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள். மல்லிகை இலை நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். இது வழுக்கவில்லை. மேலெல்லாம் பூனைமயிர் போல மெல்லிய சுணை இருந்தது, நாக்கை லேசாக வருடியது. இத்தனை வருஷம் இது எப்படித் தெரியாமல் போயிற்று? அதை யோசிக்கும்போதே பல்லுக்கு அடியில் சின்னதாக ஏதோ ஒன்று நசுங்கியது. வாய் முழுக்க வாசம் பரவியது.

மொட்டு. கார்த்திகையில் மொட்டு.

செவலைக்கு மெல்லுவது நின்றுவிட்டது. அப்படியானால் போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் இந்தச் செடி பூக்காமல் நின்றது அதன் குற்றம் இல்லை. அந்தப் பூவெல்லாம் தன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஒரு இலை மிச்சம் வைக்காமல் சுத்தமாக வேலை செய்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோமே, அந்தச் சுத்தம்தான் இதைக் கெடுத்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து நேராகக் கடைசிச் செடியிடம் போனாள்.

"நீ மல்லி இல்ல புள்ள" என்றாள். "நான் ஒன்னத் தொட மாட்டேன்."

மாலையில் ஒச்சம்மாள் வந்து பார்த்தாள். தோட்டம் முழுக்கக் குச்சி குச்சியாக நிற்க, கடைசிச் செடி மட்டும் தழைத்துக்கொண்டு நின்றது.

"ஏ செவல! இது என்னடி பாதியில?"

"அது மல்லி இல்ல ஆத்தா. குந்தம். பனிக்குப் பூக்குற சாதி. இப்ப வெட்டுனா பூவத்தான் வெட்டுறோம். இந்தா, நுனியில மொட்டு இருக்கு, குனிஞ்சு பாருங்க."

"குந்தமாவது கந்தமாவது!" ஒச்சம்மாள் குனியவில்லை. "நட்டவ நான். எனக்குத் தெரியாதா என்ன செடின்னு? கார்த்திகையில எவன் தோட்டத்துலடி வாசப்பூ பூத்துச்சு? வேலையில சோம்பேறித்தனம், அதுக்கு ஒரு கதை. இப்பத் திங்கிறியா, மாட்டியா?"

"மாட்டேன் ஆத்தா."

அதுவரை எந்த ஆடும் எந்தத் தோட்டக்காரியிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஒச்சம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்புட்டு நம்பிக்கையா? சரி. தை பொறக்கட்டும். பொங்கலுக்கு எனக்கு வெறகு வேணும். அதுக்குள்ள அது பூத்துச்சுன்னா நீ உள்ள. பூக்கலையா, அது அடுப்புல, நீ சென்மத்துக்கும் வெளிய. இப்போதைக்கு நட."

செவலை நடந்தாள். பின்னாலேயே வேலி வாசலின் முள்படலைச் சாத்தினாள் ஒச்சம்மாள்.

வேலிக்கு வெளியே உடைமுள்ளும் காய்ந்த கோரையும்தான் இருந்தன. உடைமுள்ளைக் கடித்தால் உதடு கிழிந்தது. மார்கழி பிறந்து, பனி புகையாக இறங்கியது. செவலையின் மினுமினுப்பு போயிற்று, விலா எலும்பு தெரிந்தது. காலையில் எழுந்ததும் வேலியோரம் வந்து நிற்பாள்.

"என்ன புள்ள?"

"இன்னும் கொஞ்சம் குளுரட்டும் மதினி" என்று உள்ளேயிருந்து பதில் வரும். குரலில் ஒரு நடுக்கம் இருக்காது.

மொட்டைக் குச்சிகளாக நின்ற மல்லிகைகளுக்குப் பொழுது போக வேண்டாமா? "நாங்களே கம்முனு கெடக்கோம். இந்தக் குளுர்ல இவ பூக்கப் போறாளாம்! பாவம், இவ பேச்சக் கேட்டு ஒருத்தி வெளிய நின்னு காயிறா" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டன.

அது வேலிக்கு வெளியேயும் கேட்டது. ஒருநாள் செவலைக்கே சந்தேகம் வந்துவிட்டது. தப்பாக அசைபோட்டுவிட்டோமோ? கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்கு நாக்கில் பட்ட சுணையையும் பல்லில் நசுங்கிய மொட்டின் வாசத்தையும் நினைத்துப் பார்த்தாள். இல்லை, தப்பில்லை. மறுபடி போய் உடைமுள்ளைக் கடித்தாள்.

தை பிறக்க இன்னும் நாள் இருந்தது. ஆனால் ஒச்சம்மாளுக்கு வேறொரு யோசனை வந்தது. பச்சை விறகு எரியாது, புகையும். பொங்கலுக்கு எரிய வேண்டிய விறகை இப்போதே வெட்டிக் காயப்போட்டால்தானே ஆகும்? ஒரு மார்கழிக் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு முள்படலைத் திறந்தாள்.

அரிவாள் படலில் உரசிய சத்தம் செவலைக்குக் கேட்டது.

"ஆத்தா! தை பொறக்கலையே! சொன்ன சொல்லு என்னாச்சு?"

"வெட்டுனா காய வேணாமாடி? ஒனக்கு என்ன தெரியும் அடுப்பப் பத்தி?" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். போகும்போதே பின்னால் படலை இழுத்துச் சாத்திவிட்டாள்.

செவலை படலை முட்டினாள். முள் நெற்றியில் ஏறியது. மறுபடி முட்டினாள். பனி அப்படி மூடியிருந்தது, உள்ளே ஆள் எங்கே போகிறாள் என்றே தெரியவில்லை. "வெட்டாதீக ஆத்தா! ஒரு தடவை குனிஞ்சு பாருங்க! தொட்டாவது பாருங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

பனி ஒச்சம்மாளுக்கும்தான் மூடியிருந்தது. தன் கையே தனக்குத் தெரியவில்லை. தெரிந்த தோட்டம்தானே என்று வரிசையைக் கையால் தடவிக்கொண்டே போனாள். மொட்டைக் குச்சி. அடுத்தது மொட்டைக் குச்சி. அதற்கடுத்ததும் அதேதான். இன்னும் கொஞ்ச தூரம் என்று நடந்தவளை ஏதோ ஒன்று நிறுத்தியது.

யாரோ பெண்பிள்ளை தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி ஒரு வாசம்.

"யாரது, இந்நேரத்துல தோட்டத்துக்குள்ள?" என்று அதட்டினாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் பூவோடு கிடந்த மூக்கு அது, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மல்லிகை இல்லை. மல்லிகை வாசம் தலைக்கு ஏறும், இது மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. முல்லையும் இல்லை, பிச்சியும் இல்லை. அவளுக்குத் தெரிந்த எந்தப் பூவும் இல்லை.

கையை நீட்டினாள். குச்சி தட்டுப்படவில்லை. சுணை படர்ந்த, கம்பளித் துண்டு மாதிரி மெத்தென்ற இலை தட்டுப்பட்டது. அதற்கு மேலே, பனியில் நனைந்து சில்லென்று, கொத்துக் கொத்தாகப் பூ. இந்தச் செடியை நட்ட பிறகு அவள் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீர் விட்டிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், தொட்டதில்லை.

வெயில் ஏறியது, பனி மெல்ல விலகியது. வரிசையெல்லாம் மொட்டைக் குச்சிகள் நிற்க, அதன் கடைசியில் கிளையெல்லாம் சின்னச் சின்ன வெள்ளை நட்சத்திரங்களோடு நின்றது குந்தம்.

அரிவாளைக் கீழே போட்டாள். செடியின் முன்னால் குனிந்தாள்.

"பூவை எல்லாம் நானே வெட்டிப்புட்டு ஒன்ன மலட்டுச் செடின்னு வஞ்சேனே தாயி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் தாயி, நீ யாருன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாரும் கேக்கலையே ஆத்தா" என்றது குந்தம். "வெட்டிப்புட்டுத்தானே பேசுனீக. கேட்டது செவல மதினி ஒருத்திதான்."

ஒச்சம்மாள் ஓட்டமாக ஓடிப் படலைத் திறந்தாள். நெற்றியில் முள்ளோடு நின்ற செவலையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். முள்ளைப் பிடுங்கிவிட்டு, எச்சில் தொட்டுத் தடவினாள். ஒரு கொத்துக் குந்தத்தைப் பறித்து நூலில் கட்டி, செவலையின் கழுத்தில் போட்டாள். வாசம் இல்லாத மார்கழியில் அந்த ஊர் கட்டிய முதல் வாசப்பூ மாலை ஒரு ஆட்டுக்குத்தான் விழுந்தது. அதைச் செவலை தின்னவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"உள்ள வாடி. இந்தத் தோட்டம் இனிமே ஒன்னோடது. வயிறாரத் தின்னு."

பசியோடு இருந்தவள்தான். வேலியோரத்தில் தழைத்து நின்ற ஆவாரஞ்செடியில் ஒரு வாய் கடித்தாள். உடனே விட்டுவிட்டுப் பக்கத்துக் குப்பைமேனிக்குப் போனாள். அதில் ஒரு வாய். அதையும் விட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

ஒச்சம்மாளுக்கு அது பிடிபடவில்லை. "ஏண்டி, பழையபடி ஒண்ண முடிச்சிட்டு ஒண்ணுக்குப் போயேன். எதுக்கு இப்படித் தொட்டுத் தொட்டு விடுற?"

செவலை மென்றுகொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"தின்னு முடிச்சிட்டா, அப்புறம் 'நீ யாரு'ன்னு யாரக் கேக்குறது ஆத்தா?"

அடுத்த கார்த்திகையில் எந்த ஆடும் எந்தச் செடியையும் மொட்டையடிக்க ஒப்பவில்லை. செவலை சொன்னது ஆட்டுக்கு ஆடு பரவிவிட்டது. தோட்டக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், கோபித்துப் பார்த்தார்கள், கடைசியில் தாங்களே கத்தியைத் தீட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆனால் கத்தியோடு இறங்குவதற்கு முன் ஒச்சம்மாள் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு செடியின் நுனியையும் கையில் பிடித்துப் பார்த்தார்கள். மொட்டு இருந்தால் விட்டுவிட்டார்கள்.

அன்று முதல்தான் மல்லிகைக்குப் பனியில் என்றும், குந்தத்துக்குப் பூ ஓய்ந்த பிறகு மாசியில் என்றும் கவாத்து பிரிந்தது. அன்று முதல்தான் ஆடு எந்தச் செடியிலும் ஒரு வாயோடு நகர்ந்து, அப்புறம் நிழலில் படுத்து வெகுநேரம் அசைபோடுகிறது. நுனிப்புல் மேய்கிறது என்று நாம் அதைக் கேலி செய்கிறோம். அதுவோ, தான் கடித்தது யார் என்று இன்னும் ஒவ்வொரு செடியையும் கேட்டுக்கொண்டிருக்கிறது.